சுவரும் நெருப்பும்

நாகலாபுரத்துத் திண்ணையில் அமர்ந்து ஒரு தீக்குச்சியைச் சுவரில் உரசிப் பாருங்கள். மருந்து உதிருமேயன்றி எளிதில் பற்றாது. அதே குச்சியைப் பெட்டியின் பக்கத்தில் ஓர் இழுப்பு இழுங்கள், குப்பென்று பற்றிக்கொள்ளும். சொரசொரப்பு மட்டும் போதுமென்றால் சுவரிலும் பற்றியிருக்க வேண்டுமல்லவா? உரசும் பரப்பு எந்தப் பொருளால் ஆனது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் விளக்குச் சுடரால் வாயு வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டு வந்தனர். 1815-ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்னும் அறிஞர் சுடரைச் சுற்றிக் கம்பி வலை அமைக்கலாம் எனக் கண்டார். வலைக் கண்களில் நுழையும் சுடரின் வெப்பத்தை உலோகம் இழுத்துக்கொள்வதால் தீ வெளியே தாவுவதில்லை. இங்கே பரப்பு நெருப்புக்குப் பகை.

1817-இல் அவரே இதற்கு நேர்மாறான விந்தையைக் கண்டார். எரிவாயுவும் காற்றும் கலந்த கலவையில் சூடேற்றிய பிளாட்டினக் கம்பியை நுழைத்தார். சுடர் எழவில்லை; கம்பி மட்டும் தணலாய் ஒளிர்ந்தது! சுடர்விடுவதற்கு வேண்டிய வெப்பத்துக்கும் குறைவான வெப்பத்தில், கம்பியின் மேற்பரப்பிலேயே வாயு எரிந்துகொண்டிருந்தது. பல்லேடியமும் அவ்வாறே செய்தது. செம்பும் வெள்ளியும் இரும்பும் சும்மா இருந்தன. 1823-இல் ஜெர்மனியின் டோபரைனர், பஞ்சு போன்ற பிளாட்டினத்தின் மீது ஹைட்ரஜனைப் பாய்ச்சினார்; சூடேற்றாமலே தீப்பற்றியது. வாயு மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் ஒட்டும்போது அவற்றின் பிணைப்பு தளர்ந்து, ஆக்சிஜனோடு சேர்வது எளிதாகிவிடுகிறது. இன்றைய கார்களின் புகைக்குழாயில் நச்சு வாயுக்களை மாற்றுவதும் இவ்வுலோகங்களே.

ஆனால் பிளாட்டினம் ஏழை வீட்டு அடுப்பங்கரைக்கு எட்டுமா? அங்கே வந்தது வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சி. எந்தச் சுவரில் உரசினாலும் பற்றும், வசதிதான். அதைச் செய்த தொழிலாளரின் தாடையெலும்போ அழுகிப் போயிற்று. 1844-இல் சுவீடனின் பாஷ் என்பவர் மருந்தை இரண்டாகப் பிரித்தார். பொட்டாசியம் குளோரேட் குச்சியின் தலைக்குப் போயிற்று. நச்சற்ற சிவப்புப் பாஸ்பரஸ் உரசும் பரப்புக்கு வந்தது. பிளாட்டினம் தான் மாறாமல் எரிதலைத் தூண்டுவது. பெட்டியின் பக்கமோ தானும் சிறிது எரிந்து தேய்வது. இந்த வேற்றுமையை மறந்துவிடக் கூடாது.

இந்தியாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடுக்கும் சட்டம் 1913-இல் வந்தது. 1922-இல் கல்கத்தா சென்று தொழில் கற்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். மழை குறைந்த கரிசல் பூமியில் குச்சியும் பெட்டியும் விரைவில் உலரும். கோவில்பட்டி வட்டாரமெங்கும் தீப்பெட்டி ஆபீசுகள் பெருகின.

பக்கத்து மருந்து தேய்ந்து அட்டை வெளுத்துப்போன பெட்டியில் நாலைந்து குச்சிகள் மிஞ்சிக் கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குச்சிமேல் குறையில்லை; அதற்குப் பற்றச் சுவர்தான் இல்லை.