வால்டர் கிரான்கைட்: நம்பகத்தின் ஊற்று எது?

1968 பிப்ரவரி 27 இரவு, அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வியட்நாம் போர் குறித்த தனி நிகழ்ச்சி ஒன்றை அதன் மாலைச் செய்தி வாசிப்பாளர் வால்டர் கிரான்கைட் வழங்கினார். வட வியட்நாம், வியட்காங் படைகள் தொடுத்த டெட் தாக்குதலை அடுத்துக் களத்துக்கே சென்று திரும்பியிருந்த அவர், போர் முட்டுக்கட்டையில் சிக்கிக் கிடக்கிறது, பேச்சுவார்த்தையே வழி என்று முடித்தார். அதைப் பார்த்த அதிபர் லிண்டன் ஜான்சன், கிரான்கைட்டையே இழந்துவிட்டோம் என்றால் நாட்டையும் இழந்துவிட்டோம் என்று மனமுடைந்து சொன்னதாக ஒரு கதை நெடுங்காலமாக வழங்கிவருகிறது.

அக்கதைக்கு ஆதார பலம் இல்லை. அந்நேரத்தில் ஜான்சன் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் ஆளுநர் ஜான் கானலியின் பிறந்தநாள் விழாவில் இருந்தார் என்பதை ஆய்வாளர் டபிள்யூ. ஜோசப் கேம்ப்பெல் எடுத்துக்காட்டியுள்ளார். மக்கள் மனமும் முன்பே திரும்பத் தொடங்கியிருந்தது. 1967 அக்டோபர் காலப் கருத்துக்கணிப்பில் 47 விழுக்காட்டினர், படை அனுப்பியதே தவறு என்றனர். கிரான்கைட்டின் ‘அமெரிக்காவின் மிக நம்பிக்கைக்குரிய மனிதர்’ என்ற பட்டத்துக்கு அடிப்படையான 1972 கணிப்பும் அவரை அரசியல்வாதிகளோடு நிறுத்தி அளந்ததுதான். அந்தப் போட்டியில் வெல்வது பெரிய காரியமன்று.

அப்படியானால் அவர்மீது மக்கள் வைத்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? செய்தி முகமை கற்றுத்தந்த ஒழுக்கத்திலிருந்து என்பதே என் வாதம். இரண்டாம் உலகப் போரை யுனைடெட் பிரஸ் முகமையின் நிருபராக எழுதியவர் அவர். 1962இல் மாலைச் செய்தியை ஏற்றபோது நிர்வாக ஆசிரியர் பொறுப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டார். எது செய்தி, எது முதலில் என்று தீர்மானிக்கும் இடத்தில் இருந்துகொண்டே வாசித்தார்.

அதிபர் கென்னடி சுடப்பட்ட 1963 நவம்பர் 22 ஒளிபரப்பின் பதிவை நிதானமாகப் பார்த்தால் இது விளங்கும். கேமரா சூடாகிப் படம் தர நேரம் பிடிக்கும் என்பதால் முதல் அறிவிப்பில் குரல் மட்டுமே வந்தது. பின்னர் திரையில் தோன்றியபோது, கென்னடி இறந்துவிட்டதாக டல்லாஸிலிருந்து தகவல்கள் வரத் தொடங்கின. சொந்த நிருபரான டான் ராதர் தந்த தகவலைக்கூட, உறுதிப்படாதது என்று சொல்லியே வைத்தார். அசோசியேட்டட் பிரஸ் தாள் கைக்கு வந்த பிறகுதான் கண்ணாடி அணிந்து அதை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கடிகாரத்தைப் பார்த்து, 38 நிமிடங்களுக்கு முன் என்று கணக்கிட்டுச் சொன்னார். குரல் ஒரு கணம் அடைத்தது, விழுங்கிக்கொண்டு தொடர்ந்தார். பெரும்பாலோர் நினைவில் வைத்திருப்பது அந்தத் தழுதழுப்பை. அதற்கு முந்தைய நிமிடங்களின் காத்திருப்பே நான் பெரிதாக மதிப்பது.

இந்த நம்பகத்துக்கு எல்லையும் உண்டு. மூன்றே தொலைக்காட்சி வலையமைப்புகள் ஆண்ட காலம் அது. பார்வையாளருக்கு வேறு போக்கிடம் குறைவு. 1972 அக்டோபரில் வாட்டர்கேட் அரசியல் ஊழல் பற்றிய அவரது முதல் பகுதி சுமார் 14 நிமிடம் ஓடியது. வெள்ளை மாளிகை, சிபிஎஸ் நிறுவனத் தலைமையிடம் முறையிட்டதும் இரண்டாம் பகுதி சுமார் 8 நிமிடமாகச் சுருங்கியது. நிர்வாக ஆசிரியருக்கும் மேலே முதலாளி இருந்தார்.

கிரான்கைட்டைப் பாடமாக வைக்கும் இதழியல் துறைகள், வியட்நாம் முடிவுரையின் சில வரிகளோடு நின்றுவிடாமல், அந்த நவம்பர் பகலின் ஒளிபரப்பை வெட்டாமல் முழுமையாக மாணவர்களுக்குத் திரையிட வேண்டும்.