பசித்தவர்க்கே முதலிடம்: சீக்கியரின் லங்கர் மரபு

குருத்துவாரா ஒன்றிற்குள் நீங்கள் சென்றதுண்டா? மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீக்கியர்களின் இந்த வழிபாட்டு இல்லங்கள் பல உள்ளன. காலணியைக் கழற்றி, தலையை மறைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் உள்ளே செல்லலாம். என்ன சமயம், என்ன இனம் என்று கேட்கமாட்டார்கள். சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்பார்கள். அங்கே நடைபெறும் பொதுச் சமையலுக்கும் பந்திக்கும் லங்கர் என்று பெயர். அது எப்படி வந்தது, அதைக் காப்பாற்ற அம்மக்கள் எதையெல்லாம் இழந்தார்கள் என்பதை இன்று காண்போம்.

சீக்கிய சமயத்தைத் தோற்றுவித்த குரு நானக் 1469ஆம் ஆண்டு பிறந்தார். அவரது இளமையைப் பற்றி வழிவழியாக ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. வியாபாரம் செய்து லாபம் ஈட்டி வரும்படி தந்தை 20 ரூபாய் கொடுத்து அனுப்பினார். வழியில் பட்டினியாகக் கிடந்த சாதுக்களைக் கண்ட நானக், பணம் முழுவதையும் அவர்களின் உணவுக்கே செலவிட்டுவிட்டார். வெறுங்கையோடு திரும்பிய மகனைத் தந்தை கடிந்துகொண்டார். சீக்கியர்களோ அதையே 'உண்மையான வியாபாரம்' என்று போற்றுகிறார்கள். பிற்காலத்தில் ராவி ஆற்றங்கரையில் கர்த்தார்பூரை நிறுவிய நானக், தாமே நிலத்தை உழுது பயிரிட்டார். தம்மை நாடி வந்தவர்கள் அனைவரும் ஒன்றாக உண்ண வழி செய்தார்.

இரண்டாவது குருவான அங்கதர் காலத்தில் லங்கரை முன்னின்று நடத்தியவர் அவருடைய துணைவியார் மாதா கீவி. நெய் மணக்கும் பாயசம் பரிமாறிய அந்த அம்மையாரின் புகழ், திருநூலான குரு கிரந்த் சாஹிபிலேயே இடம்பெற்றுள்ளது.

மூன்றாவது குரு அமர் தாஸ் ஒரு விதி செய்தார். கோயிந்த்வாலுக்கு வருபவர் யாராயினும் முதலில் பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டும். அதன் பிறகே குருவைக் காணலாம். பந்தியைப் பஞ்சாபியர் 'பங்கத்' என்பார்கள். நம் 'பந்தி'யும் அவர்களின் 'பங்கத்'தும் ஒரே வடசொல்லிலிருந்து பிறந்தவை. சாதிக்கு ஒரு பந்தி என்றிருந்த காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது. பேரரசர் அக்பரே அங்கு வந்தபோது எல்லாரோடும் தரையில் அமர்ந்து உண்டார் என்பது சீக்கிய மரபு. லங்கருக்கு அவர் நிலம் மானியமாகத் தர முன்வந்தபோது குரு அதை ஏற்கவில்லையாம். ஏன்? அரசரின் கொடையால் எரியும் அடுப்பு அரசருடைய அடுப்பாகிவிடும். உழைப்பவர்கள் தங்கள் வருவாயில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்து எரிக்கும் அடுப்பு, எல்லாருடைய அடுப்பு அல்லவா?

அந்த அடுப்புக்கான விறகுக்காகவே பல்லாயிரம் பேர் சிறை சென்ற வரலாறும் உண்டு. அமிர்தசரஸ் அருகே 'குரு கா பாக்' என்ற இடத்தில் ஒரு குருத்துவாரா உள்ளது. 1922 ஆகஸ்ட் மாதம், லங்கருக்காக அங்கே மரம் வெட்டிய ஐந்து சீக்கியர்களை ஆங்கிலேய அரசு திருட்டுக் குற்றம் சாட்டிச் சிறையிலடைத்தது. அடுத்து நாள்தோறும் அணி அணியாகச் சீக்கியர்கள் அங்கே சென்றார்கள். போலீசார் தடியால் அடித்து வீழ்த்தினார்கள். அடிபட்டவர்கள் திருப்பிக் கையோங்கவில்லை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள்.

அக்கைதிகளில் ஒரு பகுதியினரை ரயிலில் அட்டக் சிறைக்குக் கொண்டு சென்றார்கள். வழியில் ஹசன் அப்தால் என்ற ஊர். இன்று பாகிஸ்தானில் உள்ள அவ்வூரில்தான் பஞ்சா சாஹிப் என்னும் புனிதத் தலம் இருக்கிறது. பசியோடு வரும் கைதிகளுக்காக அவ்வூர்ச் சீக்கியர்கள் சமைத்து வைத்துக் காத்திருந்தார்கள். ரயில் அங்கே நிற்காது என்று நிலைய அதிகாரி கூறிவிட்டார். 1922 அக்டோபர் 30ஆம் தேதி, ஆண்களும் பெண்களும் தண்டவாளத்தில் அமர்ந்துவிட்டார்கள். ரயில் சிலர் மீது ஏறிய பிறகே நின்றது. கரம் சிங், பிரதாப் சிங் என்ற இருவர் உயிர் துறந்தார்கள். எங்களைப் பிறகு கவனியுங்கள், பசித்தவர்களுக்கு முதலில் உணவு கொடுங்கள் என்று காயம்பட்டவர்கள் சொன்னதாக இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

அடுத்த மாதமே விறகுச் சிக்கலும் தீர்ந்தது. லாகூரின் கொடைவள்ளல் சர் கங்கா ராம் என்ற இந்துப் பெரியவர் அந்நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, சீக்கியர்கள் தடையின்றிப் பயன்படுத்த விட்டுவிட்டார்.

அமிர்தசரஸ் பொற்கோயிலுக்கு நான்கு திசைகளிலும் வாசல் உண்டு. தொலைவிலிருந்து வரும் யாத்திரிகர்கள் தங்குவதற்குச் சராய்களும் உள்ளன. அங்குள்ள லங்கரில் நாள்தோறும் பல்லாயிரக்கணக்கானோர் பசியாறுகிறார்கள். ரொட்டியை இரு கைகளையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். செல்வந்தருக்கும் அதே முறைதான். வெங்காயம் உரிப்பவரும் தட்டுக் கழுவுபவரும் பெரும்பாலும் கூலி வாங்காத தொண்டர்கள். இன்று பரிமாறியவர் நாளை பந்தியில் அமர்வார். உண்டவர் எழுந்து பரிமாறுவார். கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நேயர்களே, கொடுப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்று பலமுறை எண்ணிப் பார்க்கிறோம். யாரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண நாம் தயாராக இருக்கிறோம் என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்.