பதிலுக்கு வந்த தொப்பிகள்

கம்பளைக் கடைத்தெருவில் ஒருவரது தலையைப் பார்த்தே அவரது நிலையை அறிந்துகொண்ட காலம் ஒன்று இருந்தது. நெட்டித் தொப்பி வைத்தவர் தோட்டத்துத் துரை. கோட்டும் தலைப்பாகையுமாக வந்தவர் பெரிய கங்காணி. கம்பளியையோ சாக்கையோ மடித்துக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு மழையில் நடந்தவர் தோட்டத் தொழிலாளி. வெயிலையும் மழையையும் தடுப்பதோடு தலையணியின் வேலை முடிந்துவிடவில்லை. ஏவுகிறவர் யார், ஏவப்படுகிறவர் யார் என்பதைத் தூரத்திலிருந்தே அறிவிக்கும் பலகையாகவும் அது பயன்பட்டது.

இந்த உண்மையை மிகுந்த ஆடம்பரத்தோடு உலகுக்குக் காட்டியது ஜேர்மன் பேரரசின் குதிரைப்படை. அந்த ஆடம்பரம் யுத்தத்தின் நெருக்கடியில் எவ்வாறு கலைந்தது என்பதற்குச் சில மலிவுத் தொப்பிகள் இன்று சாட்சியாக எஞ்சியிருக்கின்றன. முதலாம் உலக யுத்தத்தின் தொடக்க ஆண்டுகளில், தோலும் உரோமமும் கிடைக்காமற் போகவே, தகரத்தாலும் ஃபெல்ட்டாலும் செய்யப்பட்டவை அவை. இத்தகைய பொருளை ஜேர்மன் மொழியில் 'எர்சாட்ஸ்' என்பர். ஒன்றுக்குப் பதிலாக வைக்கப்பட்டது என்று அர்த்தம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் யுத்தகாலப் பொருள்களைச் சேகரிப்போர் இவற்றைத் தேடி அலைகின்றனர். செய்த காலத்தில் வேறு வழியின்றி ஏற்கப்பட்ட பொருள் இன்று ஏன் அரும்பொருளாயிற்று? விடை தேடிப் புறப்பட்டால், தோலின் கதையும் பசியின் கதையும் நம்முன் விரிகின்றன. அந்தக் கதை கம்பளையின் தேயிலை மலைவரை வந்து சேருகிறது.

1914 ஆகஸ்டில் யுத்தம் மூண்டபோது ஜேர்மன் இராணுவத்தில் 110 குதிரைப்படை ரெஜிமென்டுகள் இருந்தன. வகைக்கு ஒரு தலையணி. 'கியூராசியர்' எனப்பட்ட கனத்த குதிரைவீரருக்குப் பின்கழுத்தையும் மறைக்கும் பளபளப்பான உலோகக் கவசம். 'டிராகன்' வீரருக்கு உச்சியில் கூர்முனை நிற்கும் தோல் கவசம். 'பிக்கல்ஹௌப' என்று உலகம் அறிந்த இக்கவசத்தைப் பிரஷ்ய இராணுவம் 1842ஆம் ஆண்டில் மேற்கொண்டது. 'ஹூசார்' வீரருக்கு ஹங்கேரிய வழக்கைத் தழுவிய உரோமத் தொப்பி. 'உலான்' எனப்பட்ட ஈட்டி வீரருக்குப் போலந்திலிருந்து வந்த 'சாப்கா'. தலையோட்டின் மேல் ஒரு கழுத்து எழுந்து, அதன்மேல் சதுரப் பலகை ஒன்று கிடப்பது போன்ற விசித்திர வடிவம் அது. நெற்றியில் பித்தளைக் கழுகோ வேறொரு அரச சின்னமோ மின்னும். அணிவகுப்பு மைதானத்தில் இவை கண்ணைப் பறித்தன.

யுத்தகளத்தின் நியாயம் வேறு. 1914 ஆகஸ்ட் 12ஆம் தேதி பெல்ஜியத்தில் ஹாலன் என்ற சிற்றூரில் ஜேர்மன் குதிரைவீரர் வாளும் ஈட்டியும் ஏந்திப் பாய்ந்தனர். பெல்ஜியப் படையினர் தரையில் நிலைகொண்டு துப்பாக்கியால் சுட்டனர். மனிதரும் குதிரைகளும் குவியலாகச் சாய்ந்தனர். களமெங்கும் சிதறிக்கிடந்த தலைக்கவசங்களைக் கண்ட மக்கள் அதற்கு 'வெள்ளித் தலைக்கவசப் போர்' என்று பெயரிட்டனர். ஒரு யுகத்தின் முடிவைக் கிராமத்து மக்கள் ஒரு பெயரில் எழுதிவிட்டார்கள்.

கூர்முனைக் கவசத்தின் ஓடு மாட்டுத் தோலால் ஆனது. பதனிட்ட தோலை நனைத்து, அச்சில் இழுத்துப் பொருத்தி, காய்ந்தபின் கருநிற மெருகைப் பலமுறை ஏற்றிச் செய்தனர். தோல் எங்கிருந்து வந்தது? ஜேர்மனியின் சொந்த மாடுகள் போதவில்லை. தென் அமெரிக்காவிலிருந்து தோலும், தோல் பதனிடும் 'கெப்ராச்சோ' மரச் சாறும் கப்பலேறி வந்தன. யுத்தத்திற்கு முன் கல்கத்தாவிலிருந்து வெளியேறிய பச்சைத் தோலிலும் பெரும்பங்கை ஜேர்மனியும் ஆஸ்திரியாவும் வாங்கின. அந்த வியாபாரம் ஜேர்மன் கம்பெனிகளின் பிடியில் இருந்தது. வங்காளத்திலோ பீகாரிலோ செத்த மாட்டை உரித்த தீண்டப்படாதவனின் கைப்பட்ட தோல், பெர்லின் அணிவகுப்பில் பேரரசரின் கழுகைத் தாங்கி நின்றிருக்கக்கூடும். அவனைக் கோயிலுக்குள் விடாத உலகமும், அந்தத் தோலைத் தலையில் சூடிய உலகமும் ஒரே வாணிபக் கயிற்றில் கட்டுண்டிருந்தன.

யுத்தம் வந்ததும் பிரித்தானியக் கடற்படை அக்கயிற்றை அறுத்தது. ஜேர்மனிக்குக் கடல்வழி வரத்து படிப்படியாக அடைபட்டது. இந்தியத் தோல் பிரித்தானியாவின் பக்கம் திருப்பப்பட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் போன்ற ஊர்களில் ஆவாரம்பட்டையால் பதனிட்ட தமிழ்நாட்டுத் தோல், பிரித்தானியச் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோலாயிற்று. ஊறல் தொட்டிகளில் முழங்கால் அமிழ நின்று உழைத்தவர்கள் எந்த மன்னருக்கும் பகைவரல்லர்; எந்த மன்னரின் யுத்தமும் அவர்களுடையதன்று. ஆயினும் அவர்களுடைய உழைப்பு ஒரு சாம்ராஜ்யத்தின் காலில் ஏறியது. அத்தகைய உழைப்பு வந்து சேராமையால் மற்றொரு சாம்ராஜ்யத்தின் தலை வெறுமையாயிற்று.

1914 ஆகஸ்டிலேயே, தொழிலதிபர் வால்டர் ராதெனோவின் யோசனைப்படி, யுத்தக் கச்சாப்பொருள் இலாகா ஒன்று பெர்லினில் அமைக்கப்பட்டது. இலட்சக்கணக்கான புதிய சிப்பாய்களுக்குப் பூட்ஸ் வேண்டும். குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் வேண்டும். இருந்த தோல் அவற்றுக்கே போதவில்லை. ஆகவே தலைக்கவசம் செய்யும் வேலை புதிய கைகளுக்குப் போயிற்று. தொப்பித் தொழிற்சாலைகள் உரோமத்தை நனைத்து அழுத்தி ஃபெல்ட் கவசம் செய்தன. தகரப் பட்டறைகள் மெல்லிய தகட்டை அச்சில் அடித்து, தோலைப் போலத் தோன்றக் கரும்பூச்சுப் பூசின. இரசாயனத்தால் கெட்டிப்படுத்திய நார் அட்டையும் தக்கையும்கூடப் பயன்பட்டன. உலானின் சாப்கா ஃபெல்ட்டிலும் தகரத்திலும் பிறந்தது. ஹூசாரின் உரோமத் தொப்பிக்குப் பதிலாகவும் ஃபெல்ட் தொப்பி வந்தது. பித்தளை தோட்டாவுக்குத் தேவைப்பட்டதால் 1915ஆம் ஆண்டு முதல் சின்னங்களும் விளிம்புகளும் சாம்பல்நிற இரும்பாயின. கூர்முனையைக் கழற்றக்கூடியதாக மாற்றி, போர்முனையில் அதைக் கழற்றிவிடவும் கட்டளையிட்டனர்.

பொருள் மாறியபோதும் வடிவத்தை அவர்கள் மாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சதுரப் பலகை சதுரப் பலகையாகவே இருந்தது. கழுகு கழுகாகவே இருந்தது. அதிகாரிகள் பெரும்பாலும் சொந்தப் பணத்தில் நல்ல தோலில் வாங்கிக்கொண்டார்கள். தகரம் சாதாரணச் சிப்பாயின் பங்குக்கு வந்தது. உள்ளீடு அழிந்தபின்பும் தோற்றத்தைக் காப்பாற்ற முயலும் எந்த ஆட்சிமுறைக்கும் இந்தத் தகரச் சாப்கா ஒரு சின்னமாகும்.

தோலோ தகரமோ, பீரங்கிக் குண்டின் சிதறல்களை எதுவும் தடுக்கவில்லை. 1916ஆம் ஆண்டில் உருக்குத் தலைக்கவசம் முன்னணிப் படைகளுக்கு வந்தது. குதிரைப்படையினர் பலர் குதிரையை விட்டிறங்கிப் பதுங்குகுழியில் நின்றனர். ஊரில் இருந்த மக்களுக்கோ எல்லாமே பதிலாக வந்தது: காப்பிக்குப் பதில் வறுத்த தானியம், துணிக்குப் பதில் காகித நூல், கோதுமை ரொட்டிக்குப் பதில் உருளைக்கிழங்கு கலந்த ரொட்டி. 1916ஆம் ஆண்டின் இறுதியில் உருளைக்கிழங்கும் பொய்த்தது. மாட்டுக்குப் போட்ட கிழங்கை மனிதர் உண்டனர். அந்தக் குளிர்காலத்தை 'டர்னிப் குளிர்காலம்' என்று ஜேர்மன் மக்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர்.

யுத்தம் முடிந்ததும் தொப்பிகள் கொள்ளைப் பொருளாயின. 1919ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு தன் யுத்தக் கடன் பத்திரங்களை விற்பதற்காக, கைப்பற்றிய ஜேர்மன் தலைக்கவசங்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டுசென்றது. நியூயோர்க் வீதியில் அவற்றைப் பிரமிடு போல அடுக்கி நிறுத்தினர். சேகரிப்பு என்னும் பொழுதுபோக்கு அத்தகைய குவியல்களிலிருந்தும், வீடு திரும்பிய சிப்பாய்களின் பைகளிலிருந்தும் வளர்ந்தது.

பதில் தொப்பியை அடையாளம் காண்பது ஒரு தனிக் கலை. உள்ளே குத்தியிருக்கும் முத்திரையைப் பார்க்கிறார்கள். அதில் செய்தவர் பெயர், உடை வழங்கிய படைப்பிரிவின் குறி, ஆண்டு ஆகியவை இருக்கும். வலப்புறம் பேரரசின் வட்டச் சின்னமும் இடப்புறம் அந்தந்த நாட்டின் சின்னமும் உள்ளனவா என்று தேடுகிறார்கள். தகடு பொருந்தும் துளைகள் ஆதியில் இட்டவையா, பின்னர் குத்தியவையா என்று ஆராய்கிறார்கள். போலிக்கும் பஞ்சமில்லை: பதிலுக்கு வந்த பொருளுக்கே இன்று போலி செய்து விற்கிறார்கள்.

இவை அரிதானதற்குக் காரணங்கள் தெளிவானவை. குதிரைப்படை காலாட்படையைவிடச் சிறியது. மாற்றுப் பொருளில் தொப்பி செய்த காலமோ மிகக் குறுகியது. ஃபெல்ட்டைப் பூச்சி அரித்தது. தகரத்தைத் துரு தின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, மலிவான பொருளைப் பேணி வைக்க யாரும் எண்ணவில்லை. அதிகாரியின் மெருகேறிய கவசம் குடும்பச் சொத்தாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் போயிற்று. சிப்பாயின் தகரம் குப்பைக்குப் போயிற்று. ஏழையின் பொருள் எங்கும் இப்படித்தான் அரும்பொருளாகிறது.

மீண்டும் கம்பளைக்கு வருவோம். இறப்பர் கிடைக்காத ஜேர்மனி முதலாம் யுத்தத்தில் லெவர்குசன் தொழிற்சாலையில் செயற்கை இறப்பர் செய்து திண்டாடியது. இரண்டாம் உலக யுத்தத்தில், 1942ஆம் ஆண்டு மலாயா ஜப்பானியர் கைக்குப் போனபின், நேசநாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரில் பெரும்பகுதி இலங்கையிலிருந்தே போகவேண்டியதாயிற்று. மரம் செத்தாலும் பால் வந்தால் போதும் என்று அளவுக்கு மீறிப் பால் வெட்டினார்கள். அதே ஆண்டில் பர்மாவும் வீழ்ந்தது. அரிசிக் கப்பல் நின்றது. பங்கீடு வந்தது. அரிசியின் இடத்தில் கோதுமை மா வந்தது. ஜேர்மன் மக்கள் பதில் காப்பியை யுத்தத்தின் நெருக்கடியில் குடித்தனர். நமது லயங்களுக்குள் நுழைந்த ரொட்டி யுத்தம் முடிந்தபின்னும் வெளியேறவில்லை. அதுவே அன்றாட உணவாகிவிட்டது. அங்கே பதில் என்பது சில ஆண்டுகளின் துன்பம். இங்கே அது தலைமுறைகளின் வாழ்க்கை. மழைக்குச் சாக்கு, குளிருக்கு ஒரு கம்பளி, வீட்டுக்குப் பதில் ஓர் அறை. உண்மையான பொருள் எப்போதாவது வந்துசேருமென்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

உலானின் தகரச் சாப்கா கண்ணாடிப் பெட்டிக்குள் வந்துவிட்டது. கொழுந்து பறித்தவளின் கொங்காணி எங்கே? ஊசிப்போன சாக்கை எறிந்துவிட்டு அடுத்த சாக்கை மடித்தாள். அதன் முத்திரையைப் பார்க்கவும் ஆண்டைக் குறிக்கவும் எவரும் இருந்ததில்லை. நெட்டித் தொப்பியைப் பழைய பங்களாக்களில் இன்றும் காணலாம்.

ஆயினும் கம்பளை முற்றும் மறந்துவிடவில்லை. 2007ஆம் ஆண்டில், நகரை அடுத்த பீக்கொக் தோட்டத்தின் பழைய லயத்திலேயே, தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு நூதனசாலை திறக்கப்பட்டது. அவர்களின் உழைப்புக் கருவிகளும் வீட்டுச் சாமான்களும் அங்கே சேகரிக்கப்பட்டுள்ளன. விலை பேசுவதற்காக எழுந்த சேகரிப்பன்று அது. வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வந்து தொட்டு அறிவதற்காக எழுந்தது. நம் வீட்டுப் பரணில் ஒரு பழைய கம்பளியோ, பங்கீட்டுக் கூப்பனோ, பால் வெட்டும் கத்தியோ கிடந்தால், அதைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடுமுன் ஒருகணம் யோசிப்போம். அரசர்களின் சரித்திரத்தை அவர்களுடைய பித்தளைக் கழுகுகள் பார்த்துக்கொள்ளும். நமது சரித்திரத்தைச் சொல்ல அந்தச் சாக்குத் துண்டைத் தவிர வேறு சாட்சி இல்லை.