அசையாமையிலிருந்து அசைவுக்கு: முழங்கால் தசைநார்ச் சிகிச்சையின் வரலாறு

முன்னுரை

மருத்துவ வரலாறு பெரும்பாலும் அறுவை மருத்துவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. முதலில் தைத்தவர் யார், எந்தக் கருவி எந்த ஆண்டில் தோன்றியது என்பனவே அதன் மைல்கற்கள். அறுவைக்குப் பின்னர் நோயாளி கடக்கும் மாதங்கள் அவ்வரலாற்றில் உரிய இடம் பெறுவதில்லை. முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் அறுந்தவர்க்கு அளிக்கப்பட்ட சிகிச்சையை ஆராயுமிடத்து, இப்பார்வை போதாது என்பது புலனாகும். இத்துறையின் பெருமாற்றங்களுள் ஒன்று நோயாளிகளின் நடத்தையிலிருந்தே விளைந்தது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முற்படுகிறது.

தசைநாரும் அதன் காயமும்

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டினுள்ளே பிணைக்கும் இரு தசைநார்கள், ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்வதால் சிலுவைத் தசைநார்கள் எனப் பெயர் பெற்றன. அவற்றுள் முன்னது, கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமல் காக்கிறது. ஓடுபவர் திடீரெனத் திரும்பும்போதும், குதித்தவர் நிலைதவறி ஊன்றும்போதும் இது அறுபடக்கூடும்.

பிரான்சின் லியோன் நகர அறுவை மருத்துவர் ஆமெதே பொன்னே 1845இல் வெளியிட்ட நூலில் இக்காயத்தின் அறிகுறிகளைத் தெளிவாக விளக்கினார். அறுபடும்போது எழும் ஓசை, மூட்டினுள் இரத்தம் தேங்குதல், கால் செயலிழத்தல் ஆகியன அவை. மூட்டை நெடுங்காலம் அசையாது வைத்திருப்பதும் கேடு விளைவிக்கும் என அவர் எச்சரித்தமை இங்கு நோக்கத்தக்கது.

ஓய்வுக் கோட்பாடு

எனினும் அவ்வெச்சரிக்கை பரவலாக ஏற்கப்படவில்லை. நெதர்லாந்துப் படை மருத்துவர் மத்தைசென் 1850களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய மாவுக்கட்டு, மூட்டை முற்றாக அசைவறச் செய்யும் வசதியை மருத்துவர்க்கு அளித்தது. லிவர்பூலில் பணியாற்றிய ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891), இடையறாத நீண்ட ஓய்வே மூட்டு நோய்க்கு மருந்து என வலியுறுத்தினார். இதற்கு நேர்மாறாக, பாரிசில் லூக்கா ஷாம்பியோனியேர் (1843–1913) எலும்பு முறிவுக்குக்கூட மிதமான அசைவும் உருவுதலும் நன்மை தரும் என வாதிட்டார். இவ்விரு கோட்பாடுகளின் மோதலில் ஓய்வுக் கோட்பாடே நெடுங்காலம் மேலோங்கி நின்றது.

அறுவையின் வளர்ச்சி

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1895இல் மேயோ ராப்சன், 41 வயதுச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் அறுந்த சிலுவைத் தசைநார்களைத் தைத்தார். தம் கால் நன்கு வலுவாக இருப்பதாக அந்நோயாளி பின்னர்க் கூறியதை 1903இல் அவர் பதிவு செய்தார். நோயாளியின் சொல்லே இங்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. 1917இல் பிரிஸ்டலைச் சேர்ந்த ஹே குரோவ்ஸ், தொடையின் வெளிப்புறத் தசையுறைப் பட்டையைக் கொண்டு புதிய தசைநாரை அமைத்தார். 1963இல் அமெரிக்காவின் கென்னத் ஜோன்ஸ், முழங்காற்சில்லின் தசைநாணைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார்.

இக்கால வளர்ச்சியில் ஆசியாவின் பங்கும் உண்டு. தோக்கியோவில் கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பையைக் காணும் கருவியைக்கொண்டு 1918இல் ஒரு சடலத்தின் முழங்காலுள் நோக்கினார். அவர் மாணவர் மசாகி வத்தனபே 1962இல் மூட்டு உள்நோக்கியின் வழியே கிழிந்த குருத்தெலும்பின் பகுதியை அகற்றினார். 1964இல் தோக்கியோ சென்று அவரிடம் பயின்ற கனடா மருத்துவர் ராபர்ட் ஜாக்சன், இக்கலையை வட அமெரிக்காவில் பரப்பினார். 1980இல் இங்கிலாந்தின் டேவிட் டேண்டி, உள்நோக்கியின் துணையுடன் முன்சிலுவைத் தசைநாரைச் சீரமைத்தார்.

இவ்வாறு அறுவை நுட்பம் வளர்ந்தபோதும், அதன் பின்னர் வாரக்கணக்கில் மாவுக்கட்டு இடும் வழக்கம் நீடித்தது. தொடைத் தசை மெலிதலும், மூட்டு இறுகிக் கால் முழுமையாக நீளாமையும் அதன் விளைவுகளாயின. தசைநார் வலுப்பெற்றும் கால் பயன்படாத நிலை பலர்க்கு நேர்ந்தது.

நோயாளிகள் தந்த சான்று

அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் டொனால்ட் ஷெல்போர்ன் என்னும் மருத்துவர் 1980களில் ஓர் உண்மையைக் கவனித்தார். அறிவுரையை மீறி, குறித்த காலத்திற்கு முன்பே காலை ஊன்றி நடந்த நோயாளிகளின் மூட்டு தளர்ந்துவிடவில்லை. அவர்களே விரைவில் தேறினர். இதனை அவர் கட்டுப்பாடின்மை எனத் தள்ளாமல் சான்றாகக் கொண்டார். தொடக்கம் முதலே காலை முழுமையாக நீட்டுதல், உடல் எடையைத் தாங்கி நடத்தல் ஆகியவற்றை வலியுறுத்தும் விரைவு மீட்பு முறையை, பால் நிட்ஸ் என்பாருடன் இணைந்து 1990இல் வெளியிட்டார். அதன்பின் இயன்முறை மருத்துவம் இச்சிகிச்சையின் இன்றியமையாப் பகுதியாயிற்று.

சுவீடனில் 121 இளையோரிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. உடனடி அறுவையுடன் பயிற்சி பெற்றோர்க்கும், பயிற்சியில் தொடங்கித் தேவைப்பட்டால் மட்டும் பின்னர் அறுவை செய்துகொள்ளும் திட்டத்தில் இருந்தோர்க்கும் ஈராண்டு முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இரண்டாம் பிரிவின் 59 பேருள் 23 பேரே அதுவரை அறுவையை நாடினர்; ஐந்தாண்டு முடிவில் அத்தொகை 30 ஆயிற்று. எனவே அறுவை தேவையற்றது என்பது இதன் பொருளன்று. அனைவர்க்கும் உடனே தேவையில்லை என்பதே பொருள்.

விரைவின் எல்லை

அசைவு நன்று என்பதால் அவசரமும் நன்று எனக் கொள்ளுதல் பிழையாகும். பொருத்தப்பட்ட தசைநாண் உடனே தசைநாராகிவிடுவதில்லை. அதன் திசு நலிந்து, புதிய உயிரணுக்கள் குடியேறி, மாதக்கணக்கில் உருமாறுகிறது. நார்வேயில் 106 பேரைத் தொடர்ந்து ஆராய்ந்து 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, ஒன்பது மாதம் வரை விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிவைத்த ஒவ்வொரு மாதத்திற்கும் மறுகாய வீதம் 51 விழுக்காடு குறைந்தது. இரு தொடைகளின் வலிமையும் ஏறத்தாழச் சமமாக இருந்தோர்க்கும் மறுகாயம் குறைவாகவே நேர்ந்தது.

முடிவுரை

பொன்னே 1845இல் உணர்ந்ததை மருத்துவ உலகம் பொதுவாக ஏற்க ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆயின. கருவிகளின் குறைபாடு மட்டும் இத்தாமதத்திற்குக் காரணமன்று. நோயாளியின் அனுபவத்தைச் சான்றாகக் கருதாமையும் ஒரு காரணமாகும். இவ்வரலாறு தரும் பாடம் பள்ளித் திடல்களுக்கும் பொருந்தும். காயமுற்ற மாணவரை இறுதியாட்டத்திற்கு முன் திரும்ப அழைக்கும் ஆசிரியர், நாட்காட்டியை மட்டுமன்றி அம்மாணவரின் தொடை வலிமையையும் கேட்டறிதல் வேண்டும். மருத்துவ வரலாற்றை எழுதுவோரும் அறுவை நாளோடு தம் ஏட்டை மூடிவிடாது, அதற்குப் பிந்திய மாதங்களையும் பதிவு செய்தல் வேண்டும்.