குதிரைப் பந்தயத் தரவை ஏஐ ஏஜென்ட்டுக்குக் கொடுக்கிறீர்களா? விளக்கக் குறிப்பில் கோட்டை விடாதீர்கள்

57, 126, 9-0. இந்த மூன்றும் கிட்டத்தட்ட ஒரே விஷயம் என்றால் நம்புவீர்களா? ஜாக்கி, சேணம் எல்லாம் சேர்த்து ஒரு குதிரை சுமந்து ஓடும் எடை அது. மும்பை மகாலட்சுமி மைதானத்தில் 57 கிலோ என்பார்கள். ஹாங்காங்கில் 126 பவுண்டு. பிரிட்டனில் 9 ஸ்டோன் 0 பவுண்டு, சுருக்கமாக 9-0.

ரேஸ் பார்க்கிறவருக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. ஆனால், உங்கள் கருவி 'வெயிட்: 126' என்று மட்டும் அனுப்பினால் ஏஐ ஏஜென்ட் என்ன செய்யும்? அது சந்தேகம் கேட்காது. ஏதோ ஒன்றை ஊகித்து, ரொம்ப நம்பிக்கையாகப் பதில் சொல்லிவிடும். ஹாங்காங்கில் குதிரையின் உடல் எடையையும் பவுண்டில் வெளியிடுவார்கள், அது 1,000-ஐத் தாண்டும். இரண்டுக்கும் 'வெயிட்' என்றே பெயர் வைத்தால் கதை முடிந்தது.

ஏஜென்ட் எதைப் படிக்கிறது?

ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி என்ற பொது நெறிமுறை, ஏஐ மாடல்களை வெளித் தரவுகளோடு இணைக்க இன்று பரவலாகப் பயன்படுகிறது. இதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன உள்ளீடு தர வேண்டும் என்ற வரையறை இருக்கும். எந்தக் கருவியை எப்போது அழைப்பது என்பதை மாடல் இவற்றை வைத்துத்தான் முடிவு செய்கிறது. நீங்கள் எழுதிய கோடு அதன் கண்ணில் படாது. டெவலப்பர்கள் கடைசி நாளில் அவசரமாக எழுதிவிட்டுப் போகிற அந்த நாலு வரி விளக்கம்தான் அதற்கு எல்லாமே.

'பந்தய விவரங்களைத் தரும்' என்று எழுதினால் போதாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "ஒரு மைதானத்தில் ஒரு நாள் நடக்கும் பந்தயங்களின் பட்டியலைத் தரும். தேதி, மைதானம் இருக்கும் ஊரின் தேதி. சுமக்கும் எடை கிலோவில், தூரம் மீட்டரில். முடிவுகள் இதில் வராது. அதற்கு வேறு கருவி உண்டு." கடைசி வாக்கியம் முக்கியம். கருவி எதைச் செய்யாது என்று சொல்லாவிட்டால், ஏஜென்ட் அதையும் கேட்டுப் பார்க்கும்.

பூஜ்யம் எங்கே வழுக்கும்?

தேதியைச் சும்மா சொல்லவில்லை. கென்டக்கி டெர்பி மே முதல் சனிக்கிழமை மாலை ஓடும்போது நமக்கு ஞாயிறு விடியற்காலை. 'இன்றைய பந்தயம்' என்று பயனர் கேட்டால் எந்த 'இன்று'?

இதைவிட மோசமான பொறி, பிரிட்டன் குதிரைகளின் பழைய முடிவுகளைக் காட்டும் எண் வரிசை. அதில் 1 என்றால் முதலிடம், 2 என்றால் இரண்டாமிடம். 0 என்றால்? பத்தாவது அல்லது அதற்கும் பின்னால். விளக்கம் இல்லாமல் ஏஜென்ட்டைச் சராசரி போடச் சொன்னால், எப்போதும் பின்தங்கும் குதிரைதான் சாம்பியனாக வந்து நிற்கும்! விழுந்த குதிரை, பாதியில் நிறுத்தப்பட்ட குதிரை எல்லாம் எழுத்துகளாக வரும். அவற்றையும் தனித்தனியாக விளக்க வேண்டும்.

வயதும் அப்படித்தான். பந்தயக் குதிரைகளுக்கு வட கோளத்தில் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடும், ஆஸ்திரேலியாவில் ஆகஸ்ட் 1. பிறந்த தேதியை வைத்து ஏஜென்ட் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். ஒரே பெயரில் வெவ்வேறு நாடுகளில் குதிரைகள் இருக்கலாம் என்பதால், பெயரை நம்பாமல் அடையாள எண்ணைக் கேளுங்கள்.

பணம் வரும் இடம்

5/2 என்ற விகிதத்தில் 100 ரூபாய் கட்டி ஜெயித்தால் லாபம் 250, கையில் வருவது 350. இதையே தசமத்தில் 3.5 என்று எழுதுவார்கள். உங்கள் கருவி எதைத் தருகிறது என்று சொல்லாவிட்டால், லாபக் கணக்கே மாறிப்போகும். இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று சென்னை கிண்டி ரேஸ் கிளப் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. ஆனால் வரியில் அந்தச் சலுகை கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் பந்தயம் கட்டுவதற்கு ஜிஎஸ்டி 40%. விகிதத்தில் வரி சேர்ந்திருக்கிறதா, இல்லையா என்பது விளக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

தரவைப் படிக்கும் கருவியையும் பணம் கட்டும் கருவியையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். 'படிக்க மட்டும்' என்று குறியிட எம்சிபியில் வசதி இருக்கிறது. ஆனால் அது வெறும் குறிப்பு, பூட்டு இல்லை. உண்மையான தடையை சர்வரில் வையுங்கள்.

பிழைச் செய்தியையும் விட்டுவிடாதீர்கள். பந்தயம் ரத்தாகியிருந்தால் காலிப் பட்டியலை அனுப்பாமல், "இந்தப் பந்தயம் ரத்து, வேறு தேதி கொடுத்துக் கேட்கவும்" என்று ஒரு வரி அனுப்புங்கள். காலியாக விட்டால், ஓடாத பந்தயத்துக்கும் ஏஜென்ட் ஒரு வெற்றியாளரைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடலாம்.