தோள் மறைத்த முள்ளெலும்பு

நேயர்களே, தலையைச் சற்றே குனிந்து பிடரிக்குக் கீழே விரலால் தடவிப் பாருங்கள். தோள்களுக்கு நடுவே ஒரு மேடு தட்டுப்படும். பெரும்பாலோரிடத்தில் அது கழுத்தின் ஏழாவது முள்ளெலும்பு. அதன் கீழே மார்பின் முதலாவது முள்ளெலும்பு தொடங்குகிறது. எளிதில் அசையும் கழுத்து, விலாவெலும்புகளால் பிணிக்கப்பட்ட மார்போடு சேரும் சந்தி இதுவே. விரலுக்கு அகப்படும் இவ்விடம் எக்ஸ் கதிருக்கு எளிதில் அகப்படுவதில்லை. அதனை அகப்படுத்திய வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

ஊவாத் தோட்டங்களிலே கழுத்தும் தோளும் தாங்கும் பாரம் சிறிதன்று. கொழுந்துக் கூடையின் கயிறு பெண்களின் தலைமீது தங்கியே முதுகுப்புறம் தொங்குகிறது. மழையில் வழுக்கும் சரிவுகளும், பசறை, மடுல்சீமைப் பக்கத்து வளைவுப் பாதைகளும் உள்ள நாட்டில், விழுந்து கழுத்தில் அடிபடுதல் அரிய செய்தியன்று. தோட்ட மக்களின் வைத்தியத் தேவைகளுக்கென 1872-ஆம் ஆண்டிலேயே இலங்கையில் ஒரு சட்டம் பிறந்தது. 1912-இல் புதிய சட்டம் வந்தது. எனினும் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கும் தோட்டத்து டிஸ்பென்சரி, முறிந்த எலும்பைக் காட்டவல்லதன்று. அதற்குப் பெரிய ஆஸ்பத்திரியையே நாடவேண்டும். பதுளைக்கு இரயில் வந்ததோ 1924-இல்தான்.

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரிலே ரொண்ட்ஜன் 1895 நவம்பர் 8-ஆம் நாள் எக்ஸ் கதிரைக் கண்டார். அவர் எடுத்த புகழ்பெற்ற படம் தம் மனைவியின் கையைக் காட்டுவது. கை மெல்லியது, தட்டையாக வைத்தாற் போதும். கழுத்தின் அடிப்பாகமோ அவ்வாறன்று. பக்கவாட்டில் படம் பிடித்தால் மேலுள்ள எலும்புகள் தெளிவாக விழும். கீழே இரு தோள்களும் ஒன்றன்மேலொன்றாய் வெண்திரையிட்டு நிற்கும். கதிரின் வலிமையை ஏற்றினாலோ, தோளை ஊடுருவும் அளவு மெல்லிய கழுத்தின் படத்தைக் கருக்கிவிடும். இரு கைகளிலும் பாரம் கொடுத்துத் தோளைத் தாழ்த்துவது ஓர் உபாயம். ஒல்லியானவருக்கு அது போதும். மூட்டை சுமந்து தோள் தடித்தவருக்குப் போதாது.

மற்றோர் உபாயம் மான்செஸ்டர் நகரின் கதிரியல் மருத்துவர் எட்வர்ட் விங் ட்வைனிங் என்பாரின் பெயரால் வழங்குகிறது. படத்தகட்டை ஒட்டிய கை தலைக்கு மேலே உயரும். மற்றக் கை கீழே தாழும். ஒரு தோள் ஏற, மறு தோள் இறங்க, இடையே திறக்கும் சாளரத்தில் அந்தச் சந்தி தென்படும். மூச்சை வெளியே விட்டு நிறுத்தினால் தோள் இன்னும் தாழும். அப்போதும் தாழாவிடில் கதிர்க்குழாயைக் காற்பக்கமாக 3 முதல் 5 பாகை சாய்ப்பர். ஒரு கை முன்னே வீச மறு கை பின்னே தள்ளும் நீச்சலை ஒத்திருத்தலால் இதற்கு 'நீந்துவோன் நிலை' என்றும் பெயர். நீச்சலறியாத நம்மிற் பலர் ஆஸ்பத்திரி மேசையிலே நீந்த நேர்வது வேடிக்கைதான்!

ட்வைனிங் 1939-இல் மறைந்தார். அதே ஆண்டில், நோயாளியை எந்நிலையில் வைத்துப் படம் பிடிப்பதென்று விளக்கும் பெருநூலைக் கேத்லீன் கிளார்க் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி வெளியிட்டார். பல பதிப்புகள் கண்டு அது இன்றும் பயிலப்படுகிறது. கதிரைக் கண்டவரை உலகறியும். உடலை நிறுத்தக் கற்பித்தவர்களைத் தொழில் பயில்வோரே அறிவர். இது நியாயமெனத் தோன்றவில்லை.

2021 மார்ச் 20-ஆம் நாள் பசறைக்கு அருகே பஸ் வண்டியொன்று பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்டனர், பலர் காயமுற்றனர். அத்தகைய விபத்தில் உணர்விழந்து வருபவர் தம் வலியைச் சொல்ல இயலாது, படமே சொல்லவேண்டும். மறைந்த சந்தியில் முறிவிருக்க, அது தெரியாமற் கழுத்துப்பட்டியைக் கழற்றினால், உள்ளே ஓடும் முண்ணாண் நசுங்கி விரல்களும் கால்களும் செயலிழக்கக்கூடும். ஆயினும் படத்துக்காகக் கழுத்தைத் திருப்புதல் ஆகாது. மல்லாக்கக் கிடத்தியபடியே கதிரைக் கிடையாகச் செலுத்துவர். தோளில் முறிவிருந்தால் அக்கையை உயர்த்தமாட்டார்கள்.

1971 அக்டோபர் 1-ஆம் நாள் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் தலையைக் குறுக்குத் துண்டங்களாகப் படமெடுத்தது. சி.டி. எனப்படும் அம்முறையிலே தோள் மறைக்க இடமில்லை. ஆதலின் பெருங்காயமுற்றோருக்கு இன்று அதையே விரும்புகின்றனர். அக்கருவி கைக்கெட்டாத இடத்தில் நீந்துவோன் நிலையே துணை. படம் வந்ததும் மருத்துவர் மேலிருந்து ஏழு எலும்புகளை எண்ணி, அதன் கீழே மார்பின் முதலாவது முள்ளெலும்பின் மேல்விளிம்பு தெரிகிறதா என்று பார்ப்பார். தெரியாவிடில் மீண்டும் எடுக்கச் சொல்வார்.