பிப்பெட்டு நுனிகளின் நுண்ணுயிர் நீக்கம்

பிப்பெட்டு நுனிகளின் நுண்ணுயிர் நீக்கம் என்பது, ஆய்வகங்களில் நுண்ணளவு நீர்மங்களை எடுத்து இடுவதற்குப் பயன்படும் நெகிழி நுனிகளை, அழுத்தமேறிய நீராவியில் வைத்து, அவற்றின்மீதுள்ள நுண்ணுயிரிகளையும் அவற்றின் வித்துகளையும் (ஸ்போர்கள்) முற்றிலும் அழிக்கும் செயல்முறை ஆகும். இதற்குப் பயன்படும் கருவி தன்னழுத்தக்கலன் எனப்படுகிறது. ஆய்வகப் பேச்சு வழக்கில் இதனை ஆட்டோகிளேவ் என்றே அழைக்கின்றனர். நுனிகளை 'டிப்' என்பர். பொதுவாக 10 மைக்ரோலிட்டர் வரை எடுக்க வெள்ளை நுனியும், 200 வரை மஞ்சள் நுனியும், 1000 வரை நீல நுனியும் வழக்கில் உள்ளன.

கண்ணாடியிலிருந்து நெகிழிக்கு

முன்னர் பயன்பட்ட கண்ணாடிப் பிப்பெட்டுகளை உலோகக் குழல்களில் அடுக்கி, வெப்பக்காற்று அடுப்பில் 160 பாகை செல்சியசில் இரண்டு மணி நேரம் வைத்தால் போதுமானதாக இருந்தது. செருமானிய மருத்துவரான ஐன்ரிக்கு சினிட்கர் 1957-இல் மார்பர்க்கு நகரில் நுண்பிப்பெட்டை உருவாக்கினார். 1961-இல் எப்பென்டார்ஃப் நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இக்கருவியில் நீர்மம் நுனியை மட்டுமே தொடுகிறது, கருவியின் உட்பகுதியைத் தொடுவதில்லை. எனவே ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு புதிய நுனி என்ற பழக்கம் தோன்றியது.

இந்நுனிகள் பாலிபுரொப்பிலீன் என்னும் நெகிழியால் ஆனவை. இது ஏறத்தாழ 160 பாகையில் உருகிவிடும். ஆகவே கண்ணாடிக்கு ஏற்ற உலர்வெப்ப முறை இதற்கு உதவாது. ஆனால் 121 பாகையை இது நன்கு தாங்கும். பாலிசிட்டைரீன், அடர்த்தி குறைந்த பாலித்தீன் ஆகியவற்றால் ஆன பொருட்கள் இந்த வெப்பநிலையில் வளைந்து குழைந்துவிடும். நுனிகளை அடுக்கும் பெட்டியும் பாலிபுரொப்பிலீனால் ஆனதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். நுனி தப்பிப் பெட்டி உருகுவது ஆய்வகங்களில் அரிதன்று.

செயற்படும் முறை

தன்னழுத்தக்கலனைப் பிரான்சு நாட்டின் சார்லசு சேம்பர்லாந்து 1879-இல் உருவாக்கினார். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1679-இல், தெனி பப்பேன் அழுத்தத்தில் எலும்பை வேகவைக்கும் கலத்தைச் செய்திருந்தார். நம் வீட்டுப் பிரஷர் குக்கரும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. இந்தியக் குக்கர்களின் எடை சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் அழுத்தத்தில் தூக்கப்படுகிறது. இது ஆய்வகங்களில் பயன்படும் 15 பவுண்டு (சதுர அங்குலத்திற்கு) அழுத்தத்திற்கு மிக அருகில் உள்ளது.

நுண்ணுயிரிகளைக் கொல்வது அழுத்தம் அன்று. அழுத்தம் கூடும்போது நீரின் கொதிநிலை உயர்ந்து, 121 பாகையில் தெவிட்டிய நீராவி கிடைக்கிறது. இந்த ஆவி குளிர்ந்த நுனியின்மீது படிந்து நீராகும்போது, ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 2200 கிலோசூல் உள்ளுறை வெப்பத்தை அங்கே விட்டுவிடுகிறது. ஈரமும் வெப்பமும் சேர்ந்து நுண்ணுயிரியின் புரதங்களைத் திரியச் செய்கின்றன. உலர்வெப்பத்தில் மணிக்கணக்கில் ஆவது இங்கு 15 முதல் 20 நிமிடங்களில் முடிவது இதனால்தான். இந்நேரம் 121 பாகையை எட்டிய பின்னரே எண்ணப்படுகிறது.

காற்றை வெளியேற்றல்

இம்முறையில் நேரும் தவறுகளுள் பெரும்பாலானவை காற்றினால் வருபவை. கலத்தினுள் காற்று தங்கினால், அழுத்தமானி 15 பவுண்டைக் காட்டினாலும் அதில் ஒரு பங்கு காற்றின் அழுத்தமே. காற்றில் பாதி மட்டும் வெளியேறியிருந்தால் வெப்பநிலை ஏறத்தாழ 112 பாகையிலேயே நின்றுவிடும். வித்துகள் பிழைத்துக்கொள்ள இது போதும். எனவே ஆவி இடையறாது சீறி வரும்வரை வெளியேற்றுத் திறப்பை மூடலாகாது. மானி முள்ளை மட்டும் நம்புவது தவறு, வெப்பநிலையையும் பார்க்க வேண்டும்.

நுனிப்பெட்டி இதே சிக்கலின் சிறிய வடிவம் ஆகும். மூடி இறுக மூடப்பட்ட பெட்டியினுள் இருக்கும் காற்று வெளியேற வழியில்லை. ஆவி வெளியே சூழ்ந்திருக்க, உள்ளே சூடான உலர்காற்று மட்டுமே இருக்கும். விருதுநகர் மாவட்டத்தில், தளவாய்புரத்திற்கு அண்மையிலுள்ள இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணி நெசவுக்குப் பெயர் பெற்றது. இத்தகைய கட்டுத்துணிகளை மருத்துவமனைகளில் பக்கவாட்டில் துளைகள் கொண்ட எஃகு டிரம்களில் வைத்துக் கலத்தினுள் அனுப்புவர். உள்ளே செல்லும்போது துளைகள் திறந்திருக்கும், வெளியே எடுத்தவுடன் தகட்டை நகர்த்தி அவற்றை மூடிவிடுவர். துணி ஆவியை ஊடுருவ விடும், நெகிழி விடாது. நுனிப்பெட்டிக்கு அத்தகைய துளைத்தகடும் இல்லை. அதனால் மூடியைச் சற்றுத் தளர்த்தி வைத்து, எடுத்த பின் அழுத்தி மூடுகின்றனர். பெட்டிகளை நெருக்கி அடுக்காமலும், கலத்தின் உலோகச் சுவரில் படாமலும் வைக்க வேண்டும்.

உயரமான இடங்களில்

அழுத்தமானி காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்தை விடக் கூடுதலாக உள்ள அளவை மட்டுமே. இராசபாளையம், திருவில்லிபுத்தூர் போன்ற சமவெளி ஊர்களில் இதனால் வேறுபாடு ஏதும் தெரிவதில்லை. மலை ஊர்களில் தெரியும். 1907-இல் நிறுவப்பட்ட பாஸ்டர் நிறுவனம் அமைந்துள்ள குன்னூர், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1850 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு நீர் 94 பாகை அளவிலேயே கொதிக்கும். அவ்வுயரத்தில் மானியில் 15 பவுண்டு வைத்தால் கிடைப்பது ஏறத்தாழ 118 பாகையே. 121 பாகை வேண்டுமெனில் 18 பவுண்டு அளவுக்கு அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். வெப்பநிலை உணரியைக் கொண்டு இயங்கும் தானியங்கிக் கலன்களில் இக்கணக்கு தேவைப்படுவதில்லை.

உறுதி செய்தல்

பெட்டியின்மீது ஒட்டும் சுட்டு நாடாவில் கரிய கோடுகள் தோன்றும். அது பெட்டி வெப்பத்திற்கு உட்பட்டது என்பதை மட்டுமே காட்டும், உள்ளிருக்கும் நுனிகளைப் பற்றி ஏதும் கூறாது. நம்பத்தக்க சோதனை சியோபேசில்லசு சிட்டியரோதெர்மோபிலசு என்னும் வெப்பம் தாங்கும் பாக்டீரியத்தின் வித்துகளைக் கொண்டது. இவ்வித்துகளை நுனிகளோடு உள்ளே வைத்து, பின்னர் 55 முதல் 60 பாகையில் வளர்த்துப் பார்ப்பர். வளர்ச்சி இல்லையெனில் செயல்முறை வெற்றி.

வெளியே எடுத்த நுனிகளில் நீர்த்துளிகள் தங்கியிருக்கும். 10 மைக்ரோலிட்டர் எடுக்கும் நுனியில் ஒரு சிறு துளியும் அளவைப் பிழையாக்கும். ஆகவே 50 முதல் 60 பாகை அடுப்பில் ஓரிரவு உலர்த்துவது வழக்கம்.

வரம்புகள்

நுண்ணுயிர் அற்றது என்பதும் மாசு அற்றது என்பதும் ஒன்றல்ல. இறந்த பாக்டீரியங்களின் டி.என்.ஏ. துண்டுகள் எஞ்சலாம். ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் ஆர்.என்.ஏஸ் நொதி ஆறியபின் மீண்டும் செயற்படக்கூடியது. சில பாக்டீரியங்களின் சுவரிலிருந்து வரும் அகநச்சை அழிக்க 250 பாகை உலர்வெப்பம் தேவைப்படும், அதனை நெகிழி தாங்காது. பி.சி.ஆர். சோதனையில் மிகச் சிறிய டி.என்.ஏ. துண்டும் பெருக்கப்படுவதால், முந்தைய மாதிரியின் எச்சம் நோயற்றவருக்கு நோய் இருப்பதாகக் காட்டிவிடலாம். இதற்காகவே உள்ளே வடிகட்டி பொருத்திய, தொழிற்சாலையிலேயே தூய்மைப்படுத்தப்பட்ட நுனிகள் பயன்படுகின்றன. 2020-இல் கோவிட்-19 சோதனைகள் பெருகியபோது உலகெங்கும் இவற்றிற்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பயன்படுத்திய நுனிகளைக் கழுவி மீண்டும் நீராவியில் வைப்பது மாணவர் பயிற்சிக்குப் பொருந்தலாம். நோயாளியின் மாதிரிக்கு அது பொருந்தாது.

நோயாளியின் மாதிரி பட்ட நெகிழி நுனிகள், 2016-ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி சிவப்புப் பையில் சேர்க்கப்பட்டு, நீராவியால் நுண்ணுயிர் நீக்கப்பட்ட பின் துண்டாக்கப்படுகின்றன. கழிவுகளையும் புதிய நுனிகளையும் ஒரே சுற்றில் வைக்கலாகாது. இரண்டிற்கும் தனித்தனிக் கலன்களை வைத்திருப்பதே நன்று.